கிளட்ச் கால்

முப்பத்தொரு வருடம்
கிளட்சை மிதித்த கால் இது.
ஆண்டாப் ஹில்லில் இருந்து தாதருக்கு
ஒரு நடையில் எத்தனை மிதி என்று
டிப்போவில் யாரும் எழுதி வைக்கவில்லை.
முட்டி எழுதி வைத்திருந்தது.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எலும்போடு எலும்பு உரசுது என்றார் டாக்டர்.
லைனிங் தேய்ந்து
இரும்பில் இரும்பு உரசும் சத்தம் எனக்குத் தெரியும்.
அப்படி ஒரு வண்டியை
மறுநாள் நான் எடுத்ததே இல்லை.
இந்தக் காலை ஆறு வருடம் எடுத்தேன்.

ஒன்றரை மணி நேரம். இருபத்தெட்டு கிளிப்.
புது முட்டி.

மூன்றாம் நாள்
காலை நேராக நீட்டித் தூக்குங்க என்றாள்
மேதா காம்ப்ளே.
தூக்கினேன்.
கால் படுக்கையிலேயே கிடந்தது.
கட்டளை போன வழியில் எங்கோ
ஸ்டிரைக்.

டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாள்.
வலது நாற்பத்தாறு. இடது நாற்பத்தொன்று.
"இரும்பை டாக்டர் போட்டாச்சு, காகா.
சதையை நீங்கதான் போடணும்."

முதலில் ஒரு துண்டு.
சுருட்டி முட்டிக்கடியில் வைத்துக்
கீழே அழுத்தி, பத்து எண்ணும்வரை விடக்கூடாது.
இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தேன்.
நாலில் வேர்த்தது.

அவள் ஏக், தோன், தீன் என்று எண்ணுவாள்.
அவள் போனபின் நான் ஸ்டாப் ஸ்டாப்பாக எண்ணினேன்:
சங்கம் நகர், வடாலா, ஃபைவ் கார்டன்ஸ்...
தாதர் வருமுன் தொடை நடுங்கி
பல நாள்
பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டது.

என் பழைய காக்கி பேண்ட்டில் இடது காலை வெட்டி
மணல் அடைத்துத் தைத்தாள் பாக்கியம்.
பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது,
வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிய மணல்.
ரேஷன் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு வருவாள்.
அரை கிலோ. ஒன்று. ஒன்றரை.
கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து
காலை நீட்ட வேண்டும், மெதுவாக இறக்க வேண்டும்.
இறக்குவதுதான் கஷ்டம்.
மலைப்பாதையில் ஓட்டினவனுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வலிக்குது என்றால் மேதா கேட்பாள்,
குத்துதா, எரியுதா?
குத்தினால் நிறுத்து.
எரிந்தால் எண்ணு.

மாடிப்படிக்கும் ஒரு சட்டம்:
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது கெட்ட கால் முன்னே.
எது நல்ல கால் என்று கேட்டேன்.
சிரிக்காமல் சொன்னாள்:
"அது மாசா மாசம் மாறும்."

ஏழாவது வாரம் ஒரு ராத்திரி
மணல் பையைச் சுவரில் எறிந்தேன்.
தையல் விட்டது.
ஃபேன் காற்றில் மணல், சோற்றுத் தட்டில் மணல்.
காலையில் பெருக்கியவள் ஒன்றும் சொல்லாமல்
வெறும் பையை
என் நாற்காலியில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனாள்.

நானே இறங்கினேன்.
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி.
மணலை அள்ளி, வாட்ச்மேனோடு நாலு வார்த்தை பேசி
ஏறி வந்து கதவைத் திறந்தபோதுதான்
கையைப் பார்த்தேன்.
ஒரு கையில் பை. ஒரு கையில் சாவி.
கைப்பிடியை எதனால் பிடித்திருப்பேன்?

அதன்பின் செங்கல்.
பழைய பஸ்ஸின் முதல் படி உயரம்
என் உடம்புக்கு அத்துப்படி.
அந்த உயரத்துக்கு அடுக்கி
இடது காலால் ஏறினேன், பத்து, இருபது.
டேப் நாற்பத்துநாலு சொன்னது.
மீதி இரண்டு வருமா என்றேன்.
வரும்போது வரும் என்றாள், மேதாவும் பஸ்ஸைப் போலவே.

பதின்மூன்றாம் வாரம் ஸ்டாப்பில் போய் நின்றேன்.
வந்தது கரண்ட் வண்டி,
கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, சத்தமே கிடையாது.
நின்றதும் புஸ்ஸென்று காற்றை விட்டு
என் பக்கமாக
முட்டி மடக்கியது.

செங்கல் எல்லாம் வீணா?
சிரிப்பு வந்தது. ஒரு எட்டில் உள்ளே போனேன்.

டிரைவர் பையனின் இடது கால்
வேலையில்லாமல் ஓரமாகக் கிடந்தது.
பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு ஸ்டாப்புக்கும்
என் இடது பாதம் தானாகத் தரையை அழுத்தியது.
தொடை இறுகியது. விட்டது. இறுகியது.
தாதர் வந்துவிட்டது.
எண்ண மறந்திருந்தேன்.